சாரலில் உப்பிய லேப்டாப்

சீசன் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் எல்லாம் உப்பும்.

குளியலறைக் கதவு உப்பும். மர பீரோ உப்பும். தீப்பெட்டி நமுத்துப்போகும். குற்றாலத்துச் சாரல் குத்துக்கல்வலசை வரைக்கும் நடந்து வந்து எங்கள் வீட்டுக்குள் குடியேறிவிடும். வெளியூர்க்காரர்கள் காசு செலவழித்து வந்து அனுபவிக்கிற ஈரம் எங்களுக்கு இலவசம் – துவைத்த பனியன் வாரக்கணக்கில் காயாத ரூபத்தில்.

ஆகவே, போன சீசனில் ஒருநாள் என் மனைவி கோமதி, "ஏங்க, லேப்டாப்பு சரியா மூட மாட்டேங்குது. நடுவுல மேடு தட்டுது" என்றபோது நான் பதறவில்லை. பதறாமல் இருப்பது என் சுபாவம். விஷயம் தெரிந்தவர்கள்தானே பதறுவார்கள்?

"சாரல் காலம்லா. பாத்ரூம் கதவு உப்பலையா? அதே மாதிரிதான்" என்றேன்.

"கதவு மரம். இது பிளாஸ்டிக்குலா?"

கணக்கு டீச்சரைக் கட்டிக்கொண்டவர்களுக்கு இந்த மாதிரிக் கேள்விகள் புதிதல்ல. பதில் தெரியாதபோது குரலை உயர்த்த வேண்டும் என்பது என் முப்பது வருட அனுபவம். "எதுவா இருந்தா என்ன? ஈரம் ஈரம்தான்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு பேப்பரை விரித்துக்கொண்டேன்.

அந்த லேப்டாப் சாதாரண லேப்டாப் இல்லை. கோமதி ஒரு தனியார் பள்ளியில் வெகுகாலம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். வேலையை விட்ட பிறகு, பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்ட பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பாடம் எடுக்கிறாள். ரிசல்ட் வந்த கையோடு துணைத்தேர்வு வந்துவிடும் இல்லையா? அதற்கான பயிற்சி. தினமும் சாயங்காலம் எங்கள் சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. அந்த நேரத்தில் நான் தண்ணீர் குடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டும்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி முத்துலட்சுமி. அச்சன்புதூர்க்காரி. மற்ற எல்லாப் பாடத்திலும் பாஸ், கணக்கில் மட்டும் போய்விட்டது. அவள் அப்பா டிராக்டர் ஓட்டுகிறவர், அதிகம் பேசாத மனிதர். கோமதியிடம் போனில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தார்: "இந்தத் தடவையும் போச்சுன்னா அவ அம்மாகூட உக்காந்து பீடி சுத்தட்டும் டீச்சர், வேற என்ன செய்ய?"

அந்த வாக்கியம் கோமதியைத் தூங்கவிடவில்லை.

"அந்தப் பிள்ளைக்குக் கணக்கு வரும்ங்க. பயம்தான் வரவிடாமப் பண்ணுது" என்பாள். அவளுக்காகவே பழைய வினாத்தாள்களைப் பிரித்து, சின்னச் சின்னப் படியாக உடைத்து, படம் போட்டு, நாற்பது ஐம்பது பாடங்கள் தயாரித்திருந்தாள். அத்தனையும் அந்த லேப்டாப்பில். வேறு எங்கேயும் இல்லை. தேர்வுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

இப்போது அடாப்டர் கதைக்கு வருகிறேன். அதாவது, என் கதைக்கு.

லேப்டாப்போடு வந்த ஒரிஜினல் அடாப்டர் கோடையிலேயே செத்துவிட்டது. கொன்றது நான்தான். எனக்கு ஒழுங்கு பிடிக்கும். வயரைப் பார்த்தால் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டு வைப்பேன். தினமும் முறுக்கினால் எந்தக் கழுத்துதான் தாங்கும்? ஒருநாள் உள்ளே இருந்த செம்புக் கம்பி வெளியே எட்டிப் பார்த்தது.

"திருநெல்வேலில கம்பெனிக் கடை இருக்கு, மாடல் நம்பரச் சொல்லி வாங்கிட்டு வந்துருங்க" என்று கோமதி ஒரு துண்டுச் சீட்டில் நம்பரை எழுதிக் கொடுத்தாள். "கவலைய விடு" என்றேன். சீட்டைச் சட்டைப் பையில் போட்டேன். சட்டை சலவைக்குப் போனது. சீட்டும் கூடவே போனது. சில நாள் பக்கத்து வீட்டு இரவல் அடாப்டரில் வண்டி ஓடியது. அதற்குள் சீசன் வந்துவிட்டது.

ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வருகிறேன். இரண்டு பக்கமும் சீசன் கடைகள். நேந்திரம் சிப்ஸ், மங்குஸ்தான், ரம்புட்டான், நீர் பீய்ச்சும் துப்பாக்கி... நடுவே ஒரு கடையில் தொப்பி, மழைக்கோட்டு, செல்போன் உறை, கூடவே சார்ஜர்கள். கொத்துக் கொத்தாகத் தொங்கின.

"லேப்டாப்புக்கு இருக்கா?"

"எல்லா லேப்டாப்புக்கும் ஆகும் சார். எட்டு முனை இருக்கு. எது நுழையுதோ அதப் போட்டுக்கிடுங்க" என்றார் கடைக்காரர்.

எவ்வளவு எளிமையான தத்துவம்! சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டேன். மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பேரம் பேசி ஜெயித்த மப்பில் சந்தேகம் எங்கே வரும்? கரண்ட் சாமான் வாங்கத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் போனவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாம் எப்படிப்பட்ட ஆட்கள்? தேங்காயைத் தட்டிப் பார்க்காமல் வாங்குவோமா? வெண்டைக்காயின் நுனியை ஒடிக்காமல் விடுவோமா? பலாப்பழத்தை மோந்து, அழுத்தி, கடைக்காரரிடம் சத்தியம் வாங்கி... அப்புறமும் தயங்குவோம். ஆனால் வீட்டையே கொளுத்தக்கூடிய ஒரு சாமானை வாங்கும்போது ஒரே ஒரு பரீட்சைதான் – முனை உள்ளே போகிறதா?

போனது. அழகாகப் போனது.

அந்த அடாப்டரின் பக்கவாட்டில் நகர்த்தி வைக்கிற ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது. பன்னிரண்டு, பதினைந்து, பதினாறு என்று ஆரம்பித்து இருபத்துநான்கு வரைக்கும் எண்கள். ஃபேன் ரெகுலேட்டர் மாதிரிதான் என்று புரிந்துகொண்டேன். கூட வைத்தால் வேகமாக ஏறும். சரிதானே? இருபத்துநான்கில் வைத்தேன். லேப்டாப் அசையவில்லை. ஓர் எண் இறக்கி இருபதில் வைத்தேன். சார்ஜ் விளக்கு எரிந்தது. கோமதியை அழைத்துக் காட்டினேன்.

"என்ன வோல்ட்டுன்னு பாத்தீயளா?"

"வேலை செய்யுதுல்லா? பெறவென்ன?"

வேலை செய்தது. கூடவே சுட்டது. கை வைத்தால் இரண்டு விநாடிக்கு மேல் வைக்க முடியாது. இங்கேதான் வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும். மற்ற ஊர்க்காரனாக இருந்தால் அந்தச் சூட்டைக் கண்டு பயந்திருப்பான். நான் குத்துக்கல்வலசைக்காரன். சாரல் மாதத்தில் சூடாக ஒரு பொருளைக் கண்டால் எங்களுக்கு ஒரே ஒரு யோசனைதான் வரும்.

முதலில் ஒரு கைக்குட்டையைப் போட்டேன். அரை மணியில் மொறுமொறுவென்று காய்ந்தது. அடுத்து காலுறை. அடுத்து பனியன். ஃபிரிட்ஜ் பின்பக்கமும் இன்வெர்ட்டர் முதுகும் செய்யாத வேலையை இந்தச் சின்னப் பெட்டி செய்தது. ஒரிஜினல் அடாப்டர் இத்தனை வருடத்தில் ஒரு கைக்குட்டையையாவது காயவைத்திருக்குமா? தெரிந்தவர்களிடமெல்லாம் இதைச் சொன்னேன். இரண்டு பேர் எந்தக் கடை என்று விசாரிக்கவும் செய்தார்கள். அவர்கள் வாங்கியிருக்க மாட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

"இம்புட்டுச் சூடு ஆகாதுங்க" என்றாள் கோமதி, இரண்டு மூன்று தடவை.

"சூடு வந்தாத்தான் உழைக்குதுன்னு அர்த்தம்" என்றேன் நான்.

அதன் பிறகுதான் லேப்டாப் உப்பியது. முதலில் விரல் தேய்க்கிற அந்தச் சதுரம் அழுந்த மறுத்தது. பிறகு மூடி இடைவெளி விட்டது. மேசையில் வைத்தால் தட்டாமாலை சுற்றியது. நான்தான் ஏற்கெனவே காரணம் கண்டுபிடித்துவிட்டேனே – சாரல்!

உப்பிய கதவுக்கு இழைப்புளி போடலாம். லேப்டாப்புக்கு? பாரம் வைக்கலாம் என்று முடிவு செய்தேன். அன்று மத்தியானம் கோமதி தென்காசி டவுனுக்கு மார்க்கெட் போயிருந்தாள். லேப்டாப்பை மூடி, மேலே பத்து கிலோ இட்லி அரிசிப் பையைத் தூக்கி வைத்தேன். அதோடு நிறுத்தினேனா? சூடு இருந்தால் ஈரம் சீக்கிரம் ஆவியாகும் என்று சார்ஜையும் போட்டுவிட்டேன். இஸ்திரி போடுவதும் இதே விஞ்ஞானம்தானே? வீணாகப் போகவேண்டாம் என்று அடாப்டர் மேல் ஒரு துண்டையும் விரித்துவிட்டு, சாய்வு நாற்காலியில் கண் அயர்ந்தேன்.

என்னை எழுப்பியது கோமதியின் குரல். சத்தமான குரல் இல்லை. ரொம்ப மெதுவான குரல்.

"அரிசிப் பை ஏன் மேசை மேல இருக்கு?"

விளக்கினேன். பாதியிலேயே அவள் சுவர்ப் பக்கம் போய் சுவிட்சை அணைத்தாள். துண்டை எடுத்தாள். ஒரு மூலையில் பழுப்பேறியிருந்தது. அரிசிப் பையை இறக்கினாள். லேப்டாப்பின் அடிப்பாகம் பிளந்து வாய் திறந்திருந்தது. நகப்பூச்சு அழிக்கிற திரவம் மாதிரி ஒரு இனிப்பு வாடை.

"பேட்டரி உப்பியிருக்கு. இதுமேல பத்து கிலோவ வச்சிருக்கீய" என்றாள். "கொஞ்சம் பின்னால போங்க."

பக்கத்து வீட்டு சண்முகையா அண்ணாச்சியைக் கூப்பிட்டாள். ராணுவத்தில் வெடிமருந்துக் கிடங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஓர் ஆபத்தும் கிடைக்காமல் ஏங்கிப்போயிருந்த மனிதர். ஒரு பார்வை பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அண்ணாச்சி, அங்கன என்ன வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கீய? வெளிய வாங்க முதல்ல. மைனி, பெரிய தோசைக்கல்லு இருக்கா? ஒரு வாளி மணலும் வேணும்" என்று என்னையும் கோமதியையும் விரட்டினார்.

தோசைக்கல் வந்தது. கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, பச்சைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி லேப்டாப்பைத் தூக்கி அதில் வைத்தார். ஊர்வலம் கொல்லைப்புறம் போனது. சிமென்ட் தரையின் நடுவில், எதுவும் பற்றாத இடத்தில் இறக்கினார். சாரல் நிற்காமல் தூறிக்கொண்டிருந்தது. அது நனையவும் கூடாது, வீட்டுக்குள் இருக்கவும் கூடாது. கடைசியில் துணிக்கொடிக் கம்பியில் இரண்டு குடைகளைக் கட்டினோம். நாங்கள் மூன்று பேரும் நனைந்தோம்.

"யாரும் தொடப்படாது. ஊசி கீசியால குத்திப் பாக்கவும் கூடாது" என்றார் அண்ணாச்சி, என்னை மட்டும் பார்த்து. பிளாஸ்டிக் நாற்காலியைத் தூரத்தில் போட்டு, மழைக்கோட்டோடு காவலுக்கு உட்கார்ந்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கோமதியைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"முத்துலட்சுமிக்கு வச்சிருந்தது எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு" என்றாள்.

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை. குடைக்குக் கீழே கிடந்த அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பெண்ணின் வருடத்தை நான் இட்லி அரிசியால் நசுக்கிவிட்டேனா? அந்த நிமிடம் எனக்கு என்மீது வந்த வெறுப்பை எழுத்தில் சொல்ல முடியாது.

வகுப்பு நேரம் வந்தது. பிள்ளைகள் காத்திருப்பார்கள். கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தாள். பழைய மாதக் காலண்டரைத் திருப்பிப் போட்டு ஸ்கெட்ச் பேனாவால் எழுத ஆரம்பித்தாள். போனைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். வீட்டில் இருந்த ஒரே ஆள் நான்.

ஒரு மணி நேரம் கையை நீட்டிப் போனைப் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? பத்து நிமிடத்தில் தோள் வலித்தது. அரை மணியில் கை தானாக ஆடியது. உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"டீச்சர், போன் பிடிக்கவுங்களக் கொஞ்சம் ஆடாம பிடிக்கச் சொல்லுங்க. எக்ஸ்ஸு எது ஒய்யி எதுன்னு தெரியல."

அதுதான் முத்துலட்சுமி.

மறுநாள் காலை, இரவு முழுக்க எதுவும் வெடிக்காத ஏமாற்றத்தோடு அண்ணாச்சி லேப்டாப்பை ஒப்படைத்தார். ஓர் இரும்புப் பெட்டிக்குள் மணல் பரப்பி, அதில் வைத்து, ஐந்தருவி அடாப்டரையும் எடுத்துக்கொண்டு, தென்காசியில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் அடிமூடியைக் கழற்றினார். உள்ளே பேட்டரி, எண்ணெயில் போட்ட பூரி மாதிரி எழும்பி நின்றது. நிதானமாக அதைப் பிரித்தெடுத்துத் தனியே வைத்தார். பாடங்கள் இருந்த பாகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தபோது கோமதி அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எதால இப்படி ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணால மட்டும்னு சொல்ல முடியாது சார். பேட்டரிக்கும் வயசாச்சு. எந்நேரமும் பிளக்குலயே கிடந்திருக்கு. சூடு வேற. இந்த அடாப்டர்ல போர்டு போகாம இருந்ததே பெருசு" என்றவர், மூடியைத் திருப்பிப் பார்த்தார். "மேல எதும் வெயிட்டு வச்சீயளா?"

நான் கடைக்கு வெளியே போய் பஸ் பார்த்தேன்.

அதே மாடல் அடாப்டரும் பேட்டரியும் மதுரையிலிருந்து வரவேண்டும் என்றார். உப்பிய பேட்டரியைக் குப்பையில் போட்டால் குப்பை வண்டியே எரியும் என்று சொல்லி, அதை அவரே பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டார்.

புது அடாப்டர் வந்த அன்று கோமதி என்னை மேசையில் உட்காரவைத்தாள். எதிரே கவிழ்த்த லேப்டாப், புது அடாப்டர், என் ஐந்தருவி அடாப்டர். கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்தாள்.

"லேப்டாப்பு அடியில என்ன எழுதியிருக்கு? வாசிங்க."

"பத்தொன்பது வோல்ட்டு. மூணேகால் சொச்சம் ஆம்பியர்."

"இதுல?"

"அதேதான்."

"வோல்ட்டு அச்சு அசலா ஒண்ணா இருக்கணும். கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. ஆம்பியர் அவ்வளவே இருக்கலாம், கூட இருந்தாலும் பாதகமில்ல – லேப்டாப்பு தனக்கு வேணுங்கிறத மட்டும் எடுத்துக்கிடும். கொறஞ்சாத்தான் அடாப்டர் மூச்சு முட்டிச் சுடும். உங்க துணி காஞ்சது அப்படித்தான்."

பக்கத்தில் ஒரு புள்ளியும் வளையமும் கூட்டல் கழித்தலுமாக ஒரு சின்னப் படம் இருந்தது. "இது என்ன கோலம்?" என்று கேட்டேன். முனையின் நடுவில் எது, வெளியில் எது என்று சொல்லுகிற படமாம். இரண்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். தரச் சான்று முத்திரை இருக்க வேண்டுமாம். என் அடாப்டரில் இது எதையும் சரிபார்க்க முடியவில்லை. லேபிள் என் ஈரப் பனியன்களில் கரைந்து எப்போதோ போய்விட்டிருந்தது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் சட்டங்கள் மாறிவிட்டன. லேப்டாப் மெத்தை மேல் ஏறக்கூடாது. அடாப்டர் மேல் காற்றைத் தவிர எதுவும் படக்கூடாது. பேட்டரி எண்பது சதவீதத்தில் நின்றுகொள்ளும்படி கோமதி உள்ளே ஏதோ ஏற்பாடு செய்துவிட்டாள். நான் சார்ஜ் போடலாம், ஆனால் அவள் பார்வையில்.

திருந்தியவனின் உற்சாகம் பொல்லாதது. பஸ்ஸில் யாராவது பவர் பேங்கைச் சட்டைப் பையில் வைத்திருந்தால்கூடப் பாடம் எடுத்தேன். தலையணைக்கு அடியில் போனை வைத்துச் சார்ஜ் போடுகிற சொந்தக்காரர்கள் என் நம்பரை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

நடுவில் தேர்வு முடிந்தது. "நல்லா எழுதியிருக்கேன் டீச்சர்" என்று முத்துலட்சுமி சொன்னாள். போன தடவையும் அப்படித்தான் சொன்னாளாம். ரிசல்ட் வரும் வரைக்கும் கோமதிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும்தான். அவள் தவறினால் காரணம் அந்தப் பிள்ளையா, கணக்கா, என் அரிசிப் பையா?

ரிசல்ட் வந்த அன்று கோமதி பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டாள். மணி அடித்தது. முத்துலட்சுமி.

"சார், டீச்சர் இருக்காங்களா? ரிசல்ட்டு பாத்துட்டேன் சார்..."

அழுகிறாளா, சிரிக்கிறாளா, தெரியவில்லை. நடுவில் கரகரவென்று ஒரு சத்தம்.

"என்னம்மா கரகரன்னு கேக்கு?"

"சார்ஜ்ல போட்டுக்கிட்டே பேசுதேன் சார். போனு வேற ரொம்பச் சுடுது. அது வந்து சார், கணக்குல..."

"சுடுதா? முதல்ல வயரப் பிடுங்கு. எதுனாலும் பெறவு சொல்லு. பிடுங்கு முதல்ல" என்றேன்.

நல்ல பிள்ளை. சொன்ன பேச்சைக் கேட்டுப் பிடுங்கிவிட்டாள்.

அவ்வளவுதான். போன் செத்துவிட்டது. சார்ஜே இல்லாத போனாம் அது. திரும்பத் திரும்ப அடித்தேன். அணைத்துவைக்கப்பட்டுள்ளது என்று ஒரு அம்மாள் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கோமதி பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். என் கையில் இருந்த தன் போனைப் பார்த்தாள்.

"முத்துலட்சுமியா? பாஸா?"

என்ன சொல்வேன்? நடந்ததைச் சொன்னேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பால் பாக்கெட்டை மடியிலேயே வைத்துக்கொண்டாள். ரிசல்ட் பார்க்கத் தேவையான தேர்வு எண்ணும் அந்தப் பிள்ளையிடம்தான் இருக்கிறது. அந்த அரை மணி நேரம் நான் வேண்டாத சாமி இல்லை.

பிறகு வேறு ஒரு நம்பரிலிருந்து மணி அடித்தது. கோமதி பறித்து எடுத்தாள். ஸ்பீக்கரைப் போட்டாள்.

"டீச்சர், அப்பா போன்ல பேசுதேன். பாஸு டீச்சர். கணக்குல அம்பத்தெட்டு. பிளஸ் ஒன் சேத்துவிடுதேன்னு அப்பா சொல்லிட்டாங்க."

கோமதி அழுதாள். நானும்தான், அதில் என்ன வெட்கம்?

"சார் பக்கத்துல இருக்காங்களா டீச்சர்?" என்றாள் முத்துலட்சுமி. "அடுத்த தடவ ரிசல்ட்டக் கேட்டுட்டு வயரப் பிடுங்கச் சொல்லுங்க."